வாங்காததையும் எழுதியவள்

அந்த வட்டாரத்தில் அவளுக்கு அரத்தக்கா என்று பெயர். காயலான் கடை வைத்திருப்பவள். யார் எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் முதலில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பாள். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சின்ன அரத்தை எடுத்து ஓரத்தில் ஓர் இழுப்பு. மேலே பித்தளையாய் மினுங்குகிற குழாய்க்குள்ளே இருப்பது வெறும் துத்தநாகம் என்பது அந்த ஒரு கீறலில் அம்பலமாகிவிடும். "இதைப் பித்தளைன்னு எவன் உன்கிட்ட சொன்னானோ, அவன் தலையிலயே கட்டு, போ" என்பாள். அரம் இடுப்பில் இருப்பதால் வந்த பெயரா, வாயில் இருப்பதால் வந்த பெயரா என்று கேட்டால், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

வாய் அப்படி. கை சுத்தம். திருட்டுச் சாமான் என்று தெரிந்து ஓர் ஆணியைக்கூட அவள் வாங்கியதில்லை. தெரியாமல் வாங்கியது எத்தனை என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்தச் சுத்தம் பிறவிக் குணம் என்று தூக்கிப் பேசவும் முடியாது. பாதி, கொழுந்தன்மேல் இருந்த வெறுப்பு. அவன் எதைச் செய்கிறானோ அதைத் தான் செய்யக் கூடாது; அவளுடைய தொழில் தர்மம் அவ்வளவுதான்.

புருஷன் இருந்தவரை ஒரே கடை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். ஒரு நாள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த இரும்புச் சட்டம் சரிந்து அண்ணன் போய்ச் சேர்ந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தம்பி முற்றத்தின் குறுக்கே தகரத்தை நிறுத்திவிட்டான். பெரிய கேட்டும், லாரி ஏறும் எடைமேடையும், நல்ல கூரையும் அந்தப் பக்கம் போயின. சந்து வழியும், கைத்தராசும், மழைக்கு ஒழுகும் கொட்டகையும் இந்தப் பக்கம் மிஞ்சின. அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருஷமாக, ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று வந்தால், தகரத்துக்கு அடியில் புகுந்து இரண்டு பக்கமும் தின்று வளர்ந்த நாயிடம் சொல்வார்கள். "ஏ நாயே, ரப்பரை எரிச்சு புகையை இந்தப் பக்கம் தள்ள வேணாம்னு உங்க ஆளுகிட்ட சொல்லு" என்று இவள் கத்துவாள். "ஏ நாயே, புடிக்கலைன்னா மூக்கைப் பொத்திக்கச் சொல்லு" என்று பதில் வரும். நாய் இரண்டு பேரையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மகள் கடைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கை நீட்டுகிறவன். மூன்றாவது தடவை அவள் முழங்கையைத் திருகிவிட்டான். பெட்டியோடு அம்மாவிடம் வந்து நின்றாள். அரத்தக்கா பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஒரு ஜோடி கையுறையை எடுத்துக் கொடுத்தாள். "அலுமினியத்தைத் தனியா பிரி. இன்னையிலிருந்து நீயும் முதலாளி." அப்புறம் மருமகன் வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. "கடை இருக்குற வரைக்கும் எம்பொண்ணு அங்க வர மாட்டா" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லி அனுப்பினாள். கடைசியாக மருமகனே வந்தான். "அப்ப கடை எத்தனை நாளைக்கு இருக்கும்னு பாக்கலாம், அத்தை" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாய்த் தைத்துவிட்டது. அன்றிலிருந்து கடை அவளுக்கு வெறும் பிழைப்பு இல்லை. மகள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்கிறாள் என்றால் இந்தக் கடையால்தான், கடையின் உரிமம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவதால்தான்.

அந்தச் சமயத்தில் ஊரில் செம்புத் திருட்டு தலைவிரித்தாடியது. ஆஸ்பத்திரியின் குளிர்சாதனக் குழாய் போயிற்று. ரயில் பாதையோரத்துக் கம்பி போயிற்று. சாக்கடை மூடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ஒரு தபால்காரர் சைக்கிளோடு உள்ளே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். குடிநீர் பம்பின் கேபிளை மட்டும் ஐந்து மாதத்தில் நான்கு தடவை அறுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவே வாளியைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு ஓடியது. ஜனங்கள் கண்ணில் பட்ட காயலான் கடைக்காரர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அரத்தக்காவும் வாளியோடு வரிசையில் நின்றாள், அவளையும் திட்டினார்கள். அவள் இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டினாள்.

பிறகுதான் புதுச் சட்டம் வந்தது. காவல் நிலையத்தில் எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, புதிதாக வந்த அதிகாரி விளக்கினார். விற்க வருபவன் அடையாள அட்டை காட்ட வேண்டும். அவனைப் போட்டோ எடுக்க வேண்டும். பதிவேட்டில் கைநாட்டு வாங்க வேண்டும். வாங்கிய செம்பை ஏழு நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும், உருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை படிவம் நிரப்பித் தர வேண்டும். தவறினால் உரிமம் போகும்.

ஒவ்வொரு விதியும் கொழுந்தன் கன்னத்தில் விழுகிற அறையாகவே அவளுக்குக் கேட்டது. கடைசி வரிசையில் அவன் கையைக் கட்டிக்கொண்டு பவ்வியமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆட்டுடா ஆட்டு, இன்னும் மூணு மாசத்துல கேட்டுக்குப் பூட்டுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கூட்டத்தில் கை தட்டிய ஒரே கடைக்காரி அவள்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். அவளுக்கா உறைக்கும்?

மறுநாளே தடிமனான ஒரு பதிவேட்டை வாங்கிவந்தாள். அட்டை இருக்கிறவனிடம் வாங்கியதைக் கறுப்பு மையில் எழுதினாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சட்டம் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதினாள். சந்தேகமான சாமானோடு வந்து, அட்டை கேட்டதும் நழுவியவர்களைச் சிவப்பு மையில் எழுத ஆரம்பித்தாள். "போலீஸ்காரங்களுக்கு நாமளே வழி காட்டிக் குடுக்கறோம்டி. வந்து படிச்சுட்டு நேரா போய் அமுக்க வேண்டியதுதான்" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னாள்.

'ஒல்லி ஆள், புருவத்தில் தழும்பு. எரித்த கேபிள், ஒன்பது கிலோ இருக்கும். அட்டை இல்லை. வாங்கவில்லை. பக்கத்துக் கேட்டுக்குள் போனான்.'

'இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி. சாக்கடை மூடி மூன்று. மேலே இருந்த முத்திரையைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். வாங்கவில்லை. பக்கத்துக் கேட்டு.'

'சட்டையை இஸ்திரி போட்டு வந்தவர். ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி இருந்தது. அட்டை கேட்டதும் போன் வந்ததுபோல நடித்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கேட்டு.'

இப்படி ஒரு மாதத்தில் முப்பத்தொரு சிவப்பு வரி. கறுப்பு வரி அதில் பாதிகூடத் தேறவில்லை. அட்டையே இல்லாமல் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்களையும் சட்டத்துக்காக அவள் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. பதினைந்து வருஷமாக அவளுக்கே தகரடப்பா போட்டுவந்த ஒரு பெண், "அட்டை வெச்சுக்கறதுக்கு எனக்கு வீடு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க அரத்தக்கா எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள், கண்ணில் பட்டவர்கள்மேலெல்லாம்.

அந்தப் பக்கமோ ஜே ஜே என்று இருந்தது. கேட்டுக்குள் வண்டி போவதும் வருவதுமாக ஓயவில்லை. சட்டம் என்ன ஆயிற்று என்று பார்க்க மகள் ஒரு டிரம்மின்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். இறங்கிவந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, சித்தப்பா நாலு பேரை ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்காரு. ஒருத்தர் அந்த நொண்டி வாட்ச்மேன், வேலையை விட்டு நின்னவர். யார் எதைக் கொண்டாந்தாலும் இவங்கதான் அட்டை காட்டறாங்க, போட்டோவுக்குச் சிரிக்கறாங்க, கைநாட்டு வெக்கறாங்க. திருடிட்டு வந்தவன் ஓரமா நின்னு பீடி குடிக்கறான்."

"கேபிளு?"

"உள்ள நுழையும்போதே எரிஞ்சிடுது. இடிச்ச வீட்டுப் பழைய கம்பின்னு எழுதிடறாங்க. அதை ஏழு நாள் ஒழுங்கா மூட்டை கட்டி, தேதி போட்டு அடுக்கி வெச்சிருக்காரு. பாக்கறதுக்குக் கண்ணுக்கு லட்சணமா இருக்கும்மா."

அரத்தக்கா தகரத்தைப் பார்த்து முறைத்தாள். ஆனாலும் சிரித்தாள். "இருக்கட்டும். அதிகாரி வரட்டும். என் சிவப்பு மையைப் படிக்கட்டும். அப்புறம் இருக்கு அவனுக்கு."

அதிகாரி வந்தார். ஒரு காவலரும் கூட வந்தார். முதலில் பெரிய கேட்டுக்குள் போய், வரிசையாக அடுக்கிய மூட்டைகளையும், கட்டம் கட்டமாக ஒட்டிய போட்டோக்களையும் பார்த்தார். அங்கே நாற்காலி போட்டு உபசரித்தார்கள். பிறகு சந்து வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார். அரத்தக்கா பதிவேட்டை விரித்து, சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தார். காவலரிடம், "எண்ணி எழுதிக்க" என்றார். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: சந்தேகத்துக்குரிய வரவு எத்தனை. காவலர் எண்ணிப் பார்த்து முப்பத்தொன்று என்று போட்டார். அந்தக் கேட்டுக்கு அதே கட்டத்தில் பூஜ்யம் என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

பத்து நாள் கழித்து இரண்டு காகிதங்கள் வந்தன. முன்மாதிரிக் கடை என்ற சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தோடு, பெரிய கேட்டுக்கு வந்தது. சந்து வாசலுக்கு நோட்டீஸ். திருட்டுப் பொருள்கள் அடிக்கடி கொண்டுவரப்படும் இடமாக இந்தக் கடை இருப்பதாகத் தெரியவருவதால், உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

மகள் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அரத்தக்கா எழுந்து, ஒன்பது வருஷம் கால் வைக்காத பெரிய கேட்டுக்குள் விடுவிடுவென்று நுழைந்தாள். கொழுந்தன் ஸ்டூலில் ஏறிச் சான்றிதழுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இப்போது நாய்க்கு அங்கே வேலை இல்லை.

"வெக்கமா இல்ல உனக்கு? உன் கடையில கொதிக்கிற செம்பு எந்தப் பம்புலேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாதா? நீ குடிக்கறதும் அதே பம்புத் தண்ணிதானே?"

அவன் ஆணியை வாயிலிருந்து எடுத்தான். கோபமே படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அண்ணி, சட்டம் என்ன கேட்டுச்சோ அதை நான் எழுதினேன். நீங்க சட்டம் கேக்காததை எழுதினீங்க. இதுல நான் என்ன பண்ண முடியும்? ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஏழு நாள் அடுக்கி வெக்க எனக்கு இடம் பத்தல. கடையை மூடறதுன்னா அந்தப் பக்கத்தை எனக்கே குடுத்துடுங்க. வெளியாளுக்குப் போக வேணாம்."

பக்கத்தில் கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்து அவள் வீசினாள். அவன்மேல் படவில்லை. வாட்ச்மேனுடைய ஸ்டூலில் பட்டு, அந்த மனுஷர் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினார்.

மறுநாள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்.

"முப்பத்தொரு தடவை உங்க கடைக்குத் திருட்டுச் சாமான் வந்திருக்கும்மா."

"வந்துச்சு சார். நான் வாங்கல. எங்க போச்சுன்னும் எழுதியிருக்கேன்."

"போய்ப் பார்த்தோமே. அவரு பதிவேட்டுல பேர் இருக்கற நாலு பேரும் நிஜ ஆளுங்க. அட்டையும் நிஜம். நாங்கதான் வித்தோம்னு அவங்களே சொல்றாங்க. எரிச்ச செம்புல இது என்னோடதுன்னு யார் பேரும் எழுதியிருக்காது."

"அப்ப என் கடைக்கு வந்தது மட்டும் எப்படி சார் தப்பாச்சு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "மேல இருக்கறவங்க எங்கிட்ட கேக்கறது நம்பரும்மா. இந்தப் பகுதியில பதினாறு கடை. பதினஞ்சு கடையில பூஜ்யம். உங்க ஒரு கடையிலதான் நம்பர் ஏறுது. இந்தக் கடையை மூடினா, மொத்தமும் பூஜ்யம்."

"நம்பர் இறங்கும். திருட்டு இறங்குமா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் நாள் இருக்கு. புதுசா ஒரு பதிவேடு வாங்கி, வாங்கினதை மட்டும் எழுதிக் கொண்டாங்க. பழசு மழையில நனைஞ்சுடுச்சுன்னு சொல்லுங்க. நான் கண்டும் காணாம விட்டுடறேன். வாங்காததை எழுதச் சொல்லி உங்களை யாரும்மா கேட்டா?" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். பதிலுக்கு அவரைத் திட்ட அவள் வாயைத் திறந்தாள். திட்டாமலே மூடி, பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை.

அன்றைக்கே புதுப் பதிவேடு வாங்கிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது நாள் வீம்பாகவே இருந்தாள். எழுதினது எழுதினதுதான், எவன் வந்தாலும் அதைத்தான் காட்டுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாவது நாள் பட்டப்பகலில் மருமகன் சந்து வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"கடையை மூடறாங்களாமே, அத்தை. அவ சித்தப்பா சொன்னாரு. அவளைப் பெட்டியைக் கட்டி வெக்கச் சொல்லுங்க. முதல் தேதிக்கு வண்டியோட வரேன்."

அரத்தக்கா திரும்பி மகளைப் பார்த்தாள். மகள், அவன் திருகிய முழங்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு தகரத்தோடு தகரமாக ஒண்டி நின்றாள். தன்னுடைய வீம்புக்கு விலை கொடுக்கப் போவது தான் இல்லை என்பது அரத்தக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு விட்டுப்போயிற்று. மருமகன் போன கையோடு கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பதிவேடு வாங்கிவந்தாள்.

"வேணாம்மா" என்றாள் மகள். "நான் எங்கயாவது வேலை தேடிக்கறேன். நீ எழுதினது அப்படியே இருக்கட்டும்."

"உன் வேலை கிடைக்கறதுக்குள்ள அவன் வண்டி வந்துடும். பேசாம நீ படி, நான் எழுதறேன்."

மகள் பழைய பதிவேட்டை மடியில் வைத்துப் படித்தாள். தேதி, எடை, அட்டை எண். அரத்தக்கா எழுதினாள். ஐந்தாவது வரியில் மகள் நிறுத்தினாள்.

"என்ன?"

"சிவப்பும்மா. புருவத்துல தழும்பு."

"தாண்டு."

மகள் தாண்டினாள். இரண்டு வரி போனதும் மறுபடி நிறுத்தினாள். "தாண்டு" என்றாள் அரத்தக்கா. முப்பத்தொரு தடவை அதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் முரட்டுத்தனமாகவே வந்தது, மகள்மேல் கோபம் போல. எல்லாம் முடிந்தபோது மூன்று பக்கம்கூட நிறையவில்லை. ஒரு மாதம் முழுக்க அந்தச் சந்தில் நல்லவர்கள் மட்டுமே நடந்துபோனதுபோல இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி சொன்னபடியே நோட்டீஸை மூடினார்; அந்த வருஷத்து உரிமமும் புதுப்பிக்கப்பட்டது. மருமகன் வண்டியோடு வந்து, சுவரில் மாட்டியிருந்த புது உரிமத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான். மகள் அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தாள். அரத்தக்காவும் சிரிக்க முயன்றாள்.

அதன் பிறகும் அவள் திருட்டுச் சாமான் வாங்கவில்லை. எழுதவுமில்லை. புருவத்தில் தழும்புள்ளவன் ஒரு நாள் ஈரம் காயாத கறுப்புக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மேலே பம்பு நிலையத்தின் வெள்ளைப் பட்டை அப்படியே இருந்தது, அதைச் சுரண்டக்கூட அவன் மெனக்கெடவில்லை. "இங்க வேணாம்" என்றாள். அவன் சட்டென்று வழி தெரியாமல் நின்றான், புது ஆள்போல. கூட்டம் வந்துவிடப் போகிறதே, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவளுக்குப் படபடவென்று வந்தது. "நின்னுட்டு இருக்காத. பக்கத்துக் கேட்டு" என்று கை காட்டினாள். காட்டிய பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் காவலர் படிவத்தோடு வந்தார். வெயிலில் நடந்துவந்த களைப்பு. ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

"இல்லப்பா. மூணு நாளா குழாயில வரல. பம்பு கேபிளைத் திரும்பவும் அறுத்துட்டாங்க. லாரி இன்னும் வரல."

"அடப்பாவமே" என்றார் காவலர். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு படிவத்தை முழங்கால்மேல் வைத்தார். "சரி, சீக்கிரம் முடிச்சுடலாம். சந்தேகத்துக்குரிய வரவு எத்தனைக்கா?"

மகள் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அரத்தக்கா.

காவலர் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். மற்ற பதினைந்து கடைகளின் படிவங்களோடு இதையும் சேர்த்து ஒருமுறை புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மொத்தமும் பூஜ்யம்! சட்டம்னா இப்படி இருக்கணும்க்கா. ஒரு பயல் வாலாட்ட முடியல பாருங்க."

பேனாவை நீட்டினார். அவள் வாங்கி, பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.